வெள்ளிக்கிழமை மாத்திரை

என் மனைவி முத்தாயம்மாளுக்கு வாயில் புண் வந்த முதல் நாள் நான் அவளைத்தான் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது? வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்.

"அறுபத்தி மூணு வயசுல பச்ச மொளகாயக் கடிச்சுக்கிட்டுக் கம்மஞ்சோறு திங்கச் சொன்னது யாரு?" என்று கேட்டேன். அவள் மோரை எடுத்துக் குடித்தாள். மோரும் எரிகிறது என்பது அவள் முகம் போன போக்கிலேயே தெரிந்தது. தெரிந்தும் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தே சொன்னேன். அர்த்தநாரிக்கு வாய் நீளம் என்று ஆட்டையாம்பட்டி முழுக்கப் பேச்சு. நான் அதை மறுத்ததில்லை.

முப்பத்தைந்து வருஷம் தறி மேஸ்திரியாக இருந்தவன் நான். இருபத்து நாலு விசைத்தறி ஓடுகிற கூடத்தில் எந்தத் தறி சத்தம் மாறினாலும் வாசலில் டீ குடித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித்தான் எனக்கு இந்தக் குரல் வந்தது என்று அவள் மற்றவர்களிடம் எனக்காகப் பரிந்து பேசுவாள். வேலையை விட்டு ஏழு வருஷம் ஆகிறது. குரல் மட்டும் இறங்கவில்லை.

அவளுக்குச் சரவாங்கி. மூட்டுக்கு மூட்டு வீங்கிக்கொள்ளும் வாதம். முதலில் விரல், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல்களை மடக்க முடியாது. சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் சேர்த்து அணைத்துத்தான் தூக்குவாள். கொண்டை போட முடியாது, துணி பிழிய முடியாது, ரவிக்கைக்குக் கொக்கி மாட்ட முடியாது. இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. கொண்டை மட்டும் நான் போட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்ளும். முடக்கத்தான் தோசை சுட்டுக் கொடு என்று சொல்லாத ஆள் இல்லை. அதையும் சுட்டேன். நாற்பது நாள் சுட்டதில் கல்தான் பழகியது, வலி குறையவில்லை.

கடைசியில் சேலத்தில் ஒரு மூட்டு டாக்டர் கொடுத்த மாத்திரைதான் கேட்டது. இரண்டு வகை. ஒன்று வாரத்தில் ஒரே நாள், மூன்றாகச் சேர்த்துப் போட வேண்டும். கடுமையான மருந்து, நாள் தவறக் கூடாது, தினமும் போடவே கூடாது என்று டாக்டர் மேஜையைத் தட்டிச் சொன்னார். மற்றது சத்து மாத்திரை. முதல் மருந்தின் கெடுதல் உடம்பைத் தாக்காமல் இருக்க மற்ற ஆறு நாளும் ஒவ்வொன்று. தலைக்குக் குளிக்கிற நாள் மறக்காது என்று முத்தாயி வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொண்டாள். அதனால் எங்கள் வீட்டில் அதற்கு வெள்ளிக்கிழமை மாத்திரை என்றே பெயர். இரண்டு மாத்திரையும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, இரண்டும் மஞ்சள்.

தகட்டுப் பட்டையிலிருந்து மாத்திரையை அழுத்தி எடுக்க அவள் விரலுக்குத் தெம்பு கிடையாது. ஒருநாள் பல்லால் கடித்துத் தகடு உதட்டைக் கிழித்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு வாங்கி வந்த அன்றைக்கே எல்லாப் பட்டையையும் நானே உடைத்து இரண்டு பெருங்காய டப்பாக்களில் போட்டு வைத்துவிடுவேன். ஒன்றில் பச்சை நூல், ஒன்றில் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். வெள்ளிக்கிழமை மாத்திரை பச்சைத் தகட்டில் வரும், சத்து மாத்திரை சிவப்புத் தகட்டில் வரும். பட்டையில் எழுதியிருக்கிற இங்கிலீஷை நான் படிப்பதில்லை. எங்கள் கூடத்தில் நூலுக்கே நிறம்தான் அடையாளம். நாற்பதாம் நம்பர் நூல் பச்சை அட்டைக் கோனில் சுற்றி வரும், அறுபது சிவப்பில். பெட்டிச் சீட்டைப் படித்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட நூல் நம்பர் மாறித் தறியில் பாவு ஏறியதில்லை என்று நான் நெஞ்சைத் தட்டிச் சொல்வேன்.

வாய்ப்புண் வந்த நாலாம் நாள், சனிக்கிழமை காலை, முத்தாயிக்கு உடம்பு கொதித்தது. உதடு வெந்ததுபோல் இருந்தது. காப்பி வேண்டாம் என்றாள். சத்து மாத்திரையை மட்டும் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்து விழுங்க வைத்துவிட்டு, பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற குமரகுருவின் மருந்துக்கடைக்குப் போனேன்.

"வாய்ப்புண்ணுக்கு ஒரு மருந்து குடுப்பா. காச்சலுக்கும் சேத்து."

"யாருக்குங்க மேஸ்திரி?"

"என்ற ஊட்டுக்காரிக்குத்தான்."

குமரகுரு கொஞ்சம் யோசித்தான். "அவங்களுக்குச் சத்து மாத்திரை தினமும் போகுதுங்களா? அது சரியா உள்ள போகலீன்னா இப்படிப் புண்ணு வருமுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "என்ற கையால நானே குடுக்கறன். வெள்ளிக்கெழம தவுத்து ஒரு நாள் தப்புனதில்ல."

"இருக்கட்டுமுங்க, எதுக்கும் இதுல ஒரு பட்டை கொண்டு போங்க" என்று எடுத்து வைத்தான். பச்சைப் பட்டை.

"ஏப்பா, மருந்துக்கடை வெச்சிருக்கற, மாத்திரை தெரியல? இது வெள்ளிக்கெழம மாத்திரை."

"இல்லீங்க மேஸ்திரி. இதுதான் சத்து மாத்திரை. கம்பெனி மாறிப்போச்சு, தகடு நெறமும் மாறிருச்சுன்னு போன தடவையே சொன்னனுங்களே. வாரத்து மாத்திரை இப்பச் செவப்புப் பட்டைல வருது."

சொன்னான். ஏதோ சொன்னான் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு என்னை அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டு எனக்குப் பின்னால் வந்தவனுக்கு முதலில் கொடுத்தான் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். கத்துகிறவனுக்குக் காது எங்கே கேட்கும்?

கடை வாசலில் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மாத்திரை வாங்கியது ஒரு திங்கட்கிழமை. செவ்வாய் காலையிலிருந்து புது மாத்திரை. பத்தொன்பது நாள். நடுவில் மூன்று வெள்ளிக்கிழமை போனால் பதினாறு. பதினாறாவதைச் சற்று முன்புதான் என் கையால் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கெடுதலைத் தடுக்கிற சத்து மாத்திரையோ வெள்ளிக்கிழமைகளில் மட்டும் உள்ளே போயிருக்கிறது.

குமரகுரு என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். கல்லாவை விட்டு வெளியே வந்து, "மேஸ்திரி, உக்காந்து யோசிக்காதீங்க. இப்பவே சேலத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்த மாத்திரை தெனமும் போனா ரத்தத்துல இருக்கற அணுவ அழிச்சுப் போட்டுருமுங்க" என்றான்.

வீட்டுக்கு எப்படி நடந்தேன் என்று தெரியாது. சமையலறையில் இரண்டு டப்பாக்களையும் கவிழ்த்துக் கொட்டி எண்ணினேன். கணக்கு சரியாக இருந்தது. என் கணக்குத் தப்பாக இருக்கக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் ஆசைப்பட்டேன். நிமிர்ந்தால் முத்தாயி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கொட்டிக் கிடந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கெளம்பு, ஆஸ்பத்திரிக்கு."

"புண்ணுதானுங்க. ஆறிக்கும்."

"சொன்னா கெளம்ப மாட்டயா!" என்று அப்போதும் கத்தத்தான் செய்தேன்.

மகள் அன்புச்செல்வி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். திருச்செங்கோட்டில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமை லீவு. கூப்பிட்ட பத்தாவது நிமிஷம் காரோடு வந்தாள். அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாலு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்கப்பா?" என்றாள். "காச்சல் இன்னிக்குத்தான்" என்றேன். மாத்திரை மாறியதைச் சொல்லவில்லை. டாக்டரிடம் சொன்னால் போதும், இவளிடம் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். உண்மை அது இல்லை. பெற்ற மகள் முன்னால் தலை குனிய எனக்குத் துணிச்சல் இல்லை.

சேலத்துக்குள் நுழைகிற கொண்டலாம்பட்டி ரவுண்டானாவில் வண்டிகள் நகரவே இல்லை. முத்தாயி பின் சீட்டில் என் தோளில் சாய்ந்திருந்தாள். அவள் முந்தானையில் வாயைத் துடைத்தபோது ரத்தம் பட்டிருந்தது. நான் அதை மடித்து மறைத்தேன். முன்னால் நின்ற லாரிக்காரனை அன்புச்செல்வி திட்டினாள். என் குரல் மாதிரியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு. முப்பது வயதுகூட இருக்காது, ஒரு டாக்டரம்மா வந்தார். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தவர் உடனே நிமிர்ந்தார்.

"என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

டப்பாக்களை நீட்டினேன். அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பட்டை எங்க? எது எந்த மாத்திரைன்னு எப்படித் தெரியும்?"

என் சட்டைப் பையிலிருந்த பழைய மருந்துச் சீட்டை அன்புச்செல்வி வாங்கிக் காட்டினாள். டாக்டரம்மா படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த வாரத்து மாத்திரைய தினமும் போட்டாங்களா?"

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. இருபத்து நாலு தறிக்கு மேலே கேட்ட குரல், ஒரு கட்டிலைத் தாண்டிப் போகவில்லை.

"நாந்தானுங்க" என்றாள் முத்தாயி. நாக்கு புரளாமல் குழறிச் சொன்னாள். "கை வலி தாங்க முடியலீங்க. நானே எடுத்துத் தினமும் போட்டுக்கிட்டனுங்க."

"எத்தன நாளா?"

"மூணு நாளாங்க."

அன்புச்செல்விக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கல்லம்மா! கொழந்தயா நீ? அப்பா இத்தன பாடுபட்டு எடுத்து வெச்சா, நீ இஷ்டத்துக்குத் தின்னு வெப்பியா?"

முத்தாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்கு அப்போது எப்படி இருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். நிம்மதியாக இருந்தது. தலையில் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. மகள் என் பக்கம் நிற்கிறாள், டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை, இப்படியே போய்விட்டால் என்ன என்று தோன்றியது. மனுஷன் எவ்வளவு மட்டமானவன் என்று தெரிந்துகொள்ள எங்கேயும் போக வேண்டியதில்லை.

டாக்டரம்மா நர்ஸிடம், "மூணு நாள்தான். ரத்தம் எடுத்து அனுப்பிடுங்க. ரிசல்ட் வரட்டும், பாத்துட்டு அந்த மருந்துக்கு முறிவு ஊசி போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் ட்ரிப்ஸ் போதும். வார்டுக்கு மாத்துங்க" என்றார்.

"ரிசல்ட் எப்ப வரும்?" என்று அன்புச்செல்வி கேட்டாள்.

"ரெண்டு மணி நேரம் ஆகும். பயப்படாதீங்க. ரெண்டு வாரம் மூணு வாரம்னு போட்டிருந்தாத்தான் உயிருக்கே ஆபத்து. அப்படின்னா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க மாட்டோம்."

சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பைக்கிலிருந்து விழுந்த ஒருவனுக்கு அங்கே தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். முத்தாயியின் கட்டிலைத் தள்ள இரண்டு பேர் வந்தார்கள். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். பேசாதீங்க என்று அதற்கு அர்த்தம். நான் டப்பாவைக் கொட்டி எண்ணியதைப் பார்த்தபோதே அவளுக்கு எல்லாம் புரிந்திருக்கும். மூன்று நாள் இல்லை என்றும் தெரியும். டாக்டரம்மா சொன்னதும் காதில் விழுந்திருக்கிறது. அப்படியும் தலையை ஆட்டினாள்.

கட்டில் நகர்ந்தது. சக்கரம் ஒன்று கீச்சிட்டது. லிப்ட் கதவு வரைக்கும் நான் கூடவே நடந்தேன். சொன்னால் மகள் முகத்தில் இனி எப்படி முழிப்பேன் என்று ஓர் அடி. சொல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் என்று ஓர் அடி. லிப்ட் திறந்தது. கட்டிலின் கால்மாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்திவிட்டேன்.

"விடுங்கய்யா" என்றான் தள்ளுகிறவன்.

"டாக்டரம்மா!" நான் போட்ட சத்தத்தில் தையல் போட்டவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "மூணு நாளில்லீங்க! பத்தொம்பது நாளு! பதினாறு மாத்திரை! அவ ஒண்ணுமே பண்ணலீங்க. நாந்தான் டப்பா மாத்திப் போட்டு, நாந்தான் தெனமும் குடுத்தன். இன்னிக்குக் காலைலகூடக் குடுத்துட்டுத்தான் வந்தன்!"

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "வார்டு வேண்டாம், ஐ.சி.யூ. ஊசிய இப்பவே ஆரம்பிங்க, ரிசல்ட்டுக்கு நிக்க வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே கட்டிலை அவரே தள்ளினார். லிப்ட் மூடியது. மகளும் நானும் வெளியே நின்றோம். அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, தண்ணீர்க் குழாய் இருக்கிற பக்கமாகப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

ரிசல்ட் வந்தது. நாலாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டிய வெள்ளை அணு எழுநூறுதான் இருந்தது. ஒரு சின்னக் கிருமி தொற்றினாலும் தாங்க மாட்டார், தனி அறையில் வைத்திருக்கிறோம் என்றார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஓர் ஊசி. "நீங்க அப்ப சொல்லலீன்னா ரெண்டு மணி நேரம் வீணாப் போயிருக்கும். அந்த அம்மா இருக்கற நெலமைக்கு அது பெரிய நேரம்" என்றார் டாக்டரம்மா. பாராட்டுகிறாரா திட்டுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

ஏழு நாள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். இரண்டாம் நாள் அறுநூறு. மூன்றாம் நாளும் அதே அறுநூறு. ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த எண் வருகிற வரைக்கும் எனக்குப் பச்சைத் தண்ணீர் இறங்காது. அன்புச்செல்வி டீ வாங்கி வந்து பக்கத்தில் வைப்பாள், பேச மாட்டாள். நாலாம் நாள் ஆயிரத்து நூறு என்றார்கள். நான் நர்ஸைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

முத்தாயியின் அண்ணன் பெரியசாமி நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாவைச் சொன்னதைவிட அவள் சொன்னதைத்தான் அதிகம் சொன்னேன். "உசுரு போற நேரத்துலயும் என்னைய விட்டுக்குடுக்காம பழியத் தன்ற தலைல போட்டுக்கிட்டா பாருங்க மச்சான். என்மேல அவ்வளவு பாசம் அவளுக்கு." சொல்லும்போது எனக்குக் கண் கலங்கியது. பெரியசாமி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். வந்தவர்கள் எல்லோரிடமும் இதையே சொன்னேன். சொல்லச் சொல்ல, நான் செய்த தப்பு கொஞ்சம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

எட்டாம் நாள் மூவாயிரத்து இருநூறு. வாய்ப்புண் காய்ந்து தோல் உரிந்தது. முகத்துக்குத் துணி கட்டி, கை கழுவி என்னை உள்ளே விட்டார்கள். அவள் இளைத்துப் பாதியாகியிருந்தாள். வெள்ளிக்கிழமை மாத்திரையை நிறுத்திவிட்டதால் விரல்கள் மறுபடி வீங்கியிருந்தன. வெந்நீரில் நனைத்த துணியை நர்ஸ் கொடுத்தாள். அதை அவள் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்கு புள்ள அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். அவள் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும் என்றிருந்தது.

"எப்படிங்க?"

"நீயே தின்னன்னு."

அவள் யோசித்தாள். நடிப்பில்லை, நிஜமாகவே யோசித்தாள். உதட்டை நனைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"வேற என்னத்தச் சொல்றதுங்க? நாப்பத்தி மூணு வருசமா ஊட்டுல எது கெட்டாலும் நாந்தான்னு சொன்னாத்தான் நீங்க கத்தறத நிறுத்துவீங்க. அன்னிக்கு டாக்டரம்மா கேட்டதும் நீங்க கத்தப் போறீங்கன்னு நெனச்சன். அத்தன பேரு இருந்தாங்க. வாயில அதுதான் வந்துச்சு."

குறை சொல்கிற குரலே அதில் இல்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்வதுபோல் சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது. பாசம் என்று ஊரெல்லாம் சொல்லி அழுதேனே, அது பயம். உயிர் போகிற காய்ச்சலிலும் அவளுக்கு என் சத்தம்தான் பெரிய பயமாக இருந்திருக்கிறது.

"அந்த டாக்டரம்மா ரெண்டு மணி நேரம்னு சொன்னது உன்ற காதுல உழுகலயா?"

"உழுந்துச்சுங்க."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. துணி ஆறிப்போனது. மறுபடி நனைத்துச் சுற்றினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள், தூங்கினாளா என்று தெரியவில்லை.

நர்ஸ் கதவைத் திறந்து, "பத்து நிமிஷம்னு சொன்னோம், எவ்வளவு நேரம் உக்காந்திருக்கீங்க? பெரியவர்தான, சொன்னா புரியாதா?" என்று சத்தம் போட்டாள்.

"தப்புதானுங்கம்மா" என்றேன்.

முத்தாயி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.